குடிவந்தோர் கட்டிய ஊர்

தேயிலையை நாவிலிட்டு விலை மதிக்கும் நிபுணர்கள் இலங்கைத் தேயிலையை ஏழு பிரதேசங்களாக வகுத்திருக்கின்றனர். நுவரெலியா, திம்புள்ளை, ஊவா, கண்டி, சப்பிரகமுவா, உறுகுணை ஆகிய ஆறோடு ஏழாவதாக எண்ணப்படுவது உடப்புசல்லாவை. நுவரெலியாவுக்குக் கிழக்கே, இரு பருவக்காற்றுகளின் மழையையும் பெறும் மலைச்சரிவுகளில் விளையும் இத்தேயிலை, கோப்பையில் இளஞ்சிவப்புச் சாயலோடு விளங்குவது. நுவரெலியாத் தேயிலையைவிட நிறத்திலே சற்று ஆழ்ந்தது. தேசப்படத்திலே இவ்வூர் எங்கே இருக்கிறதென்று காட்டத் தெரியாத பிறநாட்டார்கூட, பெட்டியின்மீது இதன் பெயரைக் கண்டு தேயிலை வாங்குகின்றனர்.

ஊரின் பெயர் இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. ஆனால் அப்பெயருக்குப் புகழ் தேடிக் கொடுத்த தொழிலாளர்களோ, தமக்கொரு கடிதம் வந்தால் அதைப் பெற்றுக்கொள்ளத் தனியாக ஒரு வீட்டிலக்கம் இன்றி, தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் கந்தோரின் வழியாகவே அதைப் பெற்று வந்தனர். தேயிலைக்கு முகவரி உண்டு. கொழுந்து பறித்தவருக்கு முகவரி இல்லை. இந்த வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

ஓர் ஒப்பீடு

பிழைப்பை நாடிச் சென்றோர் புதிய மண்ணில் ஊர் கட்டிய வரலாறு உலகிலே பலவுண்டு. அமெரிக்காவிற் குடியேறிய போலந்து மக்களின் வரலாற்றை முதலில் நோக்குவோம். நம் மலைநாட்டின் கதையை அளந்து பார்க்க அது நல்லதோர் அளவுகோலாகும்.

1795 முதல் 1918 வரை போலந்து சுதந்திர நாடாக இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. வறுமை தாளாத குடியானவர்கள் கப்பலேறினர். 1854ஆம் ஆண்டில், மேற்சிலேசியாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் பன்னா மரியா என்னும் ஊரை நிறுவின. அமெரிக்காவிலுள்ள போலந்துக் குடியிருப்புகளுள் மிகப் பழமையானது அதுவே. அவர்களுக்குப் பின் வந்தோர் சிக்காகோவின் இறைச்சிச் சாலைகளிலும், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், பஃபலோவின் உருக்காலைகளிலும் உழைத்தனர். டெட்ராயிட் நகரத்தின் நடுவே தீவுபோல அமைந்த ஹாம்ட்ராமிக் என்னும் சிற்றூரில் டாட்ஜ் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 1910இல் ஏறக்குறைய 3,500 பேர் வாழ்ந்த அவ்வூர், 1920இல் 48,000 பேருக்கு மேல் வாழும் இடமாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள்.

அவர்களுடைய வாழ்வும் எளிதாக இருக்கவில்லை. மொழி தெரியாதவர்கள் என்றும் மூடர்கள் என்றும் ஏளனம் செய்யப்பட்டனர். எனினும் வாரக் கூலியில் மிச்சம் பிடித்த காசுகளைச் சேர்த்துத் தேவாலயங்கள் எழுப்பினர். தம் மொழியில் பாடசாலையும் பத்திரிகையும் நடத்தினர். தொழிற்சாலையின் அருகே சிறு மரவீடு ஒன்றைத் தம் பெயரிலேயே வாங்கினர். குடியுரிமை பெற்று வாக்களித்தனர். 1922இல் ஹாம்ட்ராமிக் நகரசபை அந்தஸ்தை அடைந்தபோது, அதன் முதல் நகரபிதாவாக அமர்ந்தவர் போலந்து வம்சத்தவரே. இன்று அவ்வூரில் வங்காளதேசத்தாரும் யேமன் நாட்டாரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஆயினும் தவக்காலத்துக்கு முன்வரும் செவ்வாய்க்கிழமையன்று 'பொன்ச்கி' என்னும் போலந்துப் பணியாரம் வாங்க, எல்லா இனத்தவரும் கடை வாசலில் வரிசையாக நிற்கின்றனர்.

ஆகவே, குடிவந்தோர் ஓர் ஊரில் நிலைபெறுவதற்கு உழைப்பு மட்டும் போதாது. காலூன்ற ஒரு துண்டு நிலமும் கையிலே ஒரு வாக்கும் வேண்டும். இவ்விரண்டும் அங்கே கிடைத்தன. இனி, இவை கிட்டாத இடத்திலே மக்கள் என்ன செய்தார்கள் என்று காண்போம்.

கால்நடையாக வந்தவர்கள்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களில் மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையால், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடுகளும் சேனை நிலங்களும் அரசின் சொத்தாகித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. அந்நிலங்களை நம்பி வாழ்ந்த சிங்களக் கிராமத்தவர், இழந்த மண்ணிலே கூலிக்கு உழைக்க மனங்கொள்ளவில்லை. எனவே தோட்டத் துரைமாரின் பார்வை கடலுக்கு அப்பால், திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய தமிழ்நாட்டுப் பகுதிகளின்மீது விழுந்தது. பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அங்கே மக்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

ஆள் திரட்டி வந்தவன் கங்காணி. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் அகப்படும் என்று அவன் ஆசை காட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்லுவர். தோணியேறி மன்னார்க் கரையை அடைந்தவர்கள், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழி நெடுகிலும் உயிர்களைப் பறித்தன. தப்பிப் பிழைத்து மலையேறியவர்களோ வேலை தொடங்கு முன்பே கடனாளிகளாயினர். வழிச்செலவு முழுவதும் அவர்கள் பேரில் எழுதப்பட்டது. அக்கடனைக் குறிக்கும் 'துண்டு' என்னும் சீட்டைக் கொண்டே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவர்கள் கைமாற்றப்பட்டனர். இம்முறை 1921இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களுட் பலர், பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரந்தோறும் பறிக்கப்பட வேண்டுவது. பறிப்பதற்குப் பெண்களின் கைகளே ஏற்றவை எனத் தோட்டக்காரர் கருதினர். ஆதலால் ஆடவர் தனியே வந்து போன நிலை மாறி, குடும்பம் குடும்பமாக வந்து தங்கும் காலம் பிறந்தது. ஒரு செடியின் இயல்பே ஒரு சமூகத்தை நிலைகொள்ளச் செய்ததென்றால் அது மிகையாகாது.

பெயர் சூட்டியவரும் பெயர் வழங்கியவரும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து தேயிலையினூடே இறங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்குகளின் தேயிலையை ஏற்றிச் செல்வதற்கென்றே நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகலமுள்ள சிறு புகையிரதப் பாதை ஒன்று போடப்பட்டது. 1903இல் நுவரெலியாவையும் 1904இல் இராகலையையும் அது எட்டியது. 'உடப்புசல்லாவைப் பாதை' என்று பெயர் பெற்றிருந்தும், அது உடப்புசல்லாவை வரை வரவேயில்லை, இராகலையோடு நின்றுவிட்டது. 1940களில் பாதையே கைவிடப்பட்டது.

இப்பகுதித் தோட்டங்களுட் சிலவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: கிர்க்லீஸ், லிடெஸ்டேல், டெல்மார், லக்கிலேண்ட். கிர்க்லீஸ் இங்கிலாந்திலும் லிடெஸ்டேல் ஸ்கொத்லாந்திலும் உள்ள இடங்களின் பெயர்கள். பிறந்த மண்ணை நினைந்து துரைமார் சூட்டிய பெயர்கள் பதிவேட்டில் ஏறின. தொழிலாளர் இட்ட பெயர்களோ பேச்சில் மாத்திரம் வாழ்ந்தன. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, மேட்டுலயம், பணியலயம், பீலிக்கரை என ஒவ்வொரு சரிவுக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் தமிழ்ப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைக் கொண்டுதான் தோட்டம் இயங்கியது, இன்றும் இயங்குகிறது.

வேலைத்தலத்தில் அவர்கள் ஒரு புதிய சொற்களஞ்சியத்தையே உண்டாக்கிக்கொண்டனர். அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்டதும் கூடிநின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடம் 'பெரட்டு' ஆயிற்று. ஆங்கிலேயப் படையினரின் அணிவகுப்புச் சொல்லின் உருமாற்றம் அது. வரிசை வீடு 'லயம்' ஆயிற்று. அதன் ஒற்றை அறைக்குப் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து 'காம்பிரா' என்ற பெயர் வந்தது. குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் 'பிள்ளைக்காம்பிரா'. செடியை வெட்டித் திருத்துவது 'கவ்வாத்து'. குறிப்பிட்ட நிறைக்குக் கொழுந்து குறைந்தால் கிடைப்பது 'அரைப்பேர்'. பிறமொழிச் சொற்களைத் தமிழ் நாவுக்கு ஏற்ப வளைத்து, தமக்கு உரிமையாக்கிக்கொண்டார்கள். சொல்லாவது தமக்குச் சொந்தமாக இருந்தது!

மலைநாட்டின் கடைவீதிகளும் இம்மக்களின் சம்பள நாளை நம்பியே வளர்ந்தன. தமிழ் வணிகரும் முஸ்லிம் வணிகரும் சிங்கள வணிகரும் அடுத்தடுத்துக் கடை வைத்தனர். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில், துணிக்கடைகளில் நிற்க இடமிராது. தோட்டத்துச் சம்பளம் தாமதித்தால் கடைத்தெருவும் மந்தமடையும். ஊர் அவர்களுக்குத் தந்ததைவிட, அவர்கள் ஊருக்குத் தந்தது அதிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆலமரமின்றி அமைந்த ஆலயம்

போலந்து மக்கள் தேவாலயம் கட்டியதுபோலவே, நம் மக்களும் முதலிலே கோயிலைத்தான் நாட்டினர். மாரியம்மன் அவர்களோடு காட்டுவழியே நடந்து வந்தவள். நடைவழி முடிந்த மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் இன்று பெருங்கோயிலாக விளங்குகிறது. மாசிமகத்தையொட்டி அங்கே நிகழும் பஞ்சரத பவனி நாடறிந்தது. தோட்டங்களிலோ ஒரு கல், ஒரு சூலம், மேலே ஒரு தகரக்கூரை என்று தொடங்கிய சந்நிதிகள், மாதச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த சந்தாப் பணத்தினால் மெல்ல மெல்லக் கோபுரம் பெற்றன. கவனித்துப் பார்ப்பின், பல தோட்டங்களில் தொழிலாளர்கள் தாமே தீர்மானித்து, தாமே பணம் சேர்த்துக் கட்டிய பெருங்கட்டடம் கோயில் ஒன்றே என்பது புலப்படும்.

பழைய தெய்வங்களோடு புதிய தெய்வங்களும் பிறந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரம் சுழலும் இடத்தில் உயிருக்குக் காவலாக 'ரோதைமுனி' எழுந்தருளினார். கத்தியெடுத்துச் செடி வெட்டும் மலையிலே 'கவ்வாத்துச் சாமி'க்குப் படையல் இடப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறியாத இத்தெய்வங்கள் தேயிலை மலையிலேயே தோன்றியவை. இயந்திரத்தையும் கத்தியையும் கண்டு அஞ்சிய மனிதன், தன் அச்சத்தை ஒப்படைக்க ஒருவரைத் தேடிக்கொண்டான்.

மாசி பங்குனியிலே காமன்கூத்து ஆடப்படுகிறது. மன்மதன் எரிந்த கதையைத் தோட்டமே கூடி நடத்துகிறது. பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் விடிய விடிய ஆடப்படுகின்றன. அருச்சுனனாக வேடமிட்டு உயர்ந்த கம்பத்தில் ஏறுகிறவர், மறுநாள் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வேலைக்குச் செல்கிறவர்தான். இவ்வாழ்வை எழுத்திலே பதித்தவர்களுள் முன்னின்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த அவர், கவிஞராகவும் நாவலாசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் திகழ்ந்தார். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவரும் அவரே.

கையிலிருந்து நழுவிய வாக்கு

இனி, போலந்து மக்களின் கதையும் நம் மக்களின் கதையும் பிரியும் இடத்துக்கு வருகிறோம்.

1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. நிபந்தனைகள் பல இருந்தபோதிலும், தோட்டத் தொழிலாளருட் கணிசமானோர் வாக்காளராயினர். அதே ஆண்டில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தாமே பாட்டியற்றி, மேடைதோறும் பாடி மக்களைத் தட்டியெழுப்பினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வெற்றியீட்டியது. நுவரெலியாத் தொகுதியிலிருந்து எஸ். தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். ஹாம்ட்ராமிக்கைப் போலவே மலைநாடும் தன் பிரதிநிதிகளைத் தானே அனுப்பும் காலம் வந்ததென்று அனைவரும் எண்ணினர்.

அந்த எண்ணம் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிலே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் மடிந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கிருந்து வரும்? பெரும்பாலோர் பிரஜாவுரிமையை இழந்தனர். 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தினால் வாக்கையும் இழந்தனர். 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது, பயன் கிட்டவில்லை.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணிக்கப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. யார் எந்நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்வி ஒவ்வொரு காம்பிராவுக்குள்ளும் புகுந்தது. தமையன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் ஆயினர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே வழியனுப்ப வந்தோர் அழுத அழுகையை இன்றும் முதியோர் நினைவுகூர்வர்.

இரண்டு மலைகள், ஒரே மக்கள்

அக்கரை சென்றவர்கள் என்ன ஆயினர்? பலருக்கு மலைதான் தெரியும். ஆதலால் மலையையே நாடினர். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிலும் அவர்கள் குடியமர்ந்தனர். இங்கே பழகிய கை அங்கேயும் கொழுந்து பறித்தது.

ஆனால் ஒரு விந்தையைக் கேளுங்கள். இலங்கையிலே 'இந்தியத் தமிழர்' என்று அழைக்கப்பட்டவர்கள், நீலகிரியில் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டனர். எந்த மலையிலும் அவர்களுக்கு மற்றைக் கரையின் பெயரே வாய்த்தது. இரண்டு மலைகளைப் பசுமையாக்கிய மக்களுக்கு, தம் மலையின் பெயரால் அழைக்கப்படுவது மட்டும் எட்டாக்கனியாக இருந்தது.

இலங்கையில் எஞ்சியோருக்கு 1980களில் இயற்றப்பட்ட சட்டங்களும், நிறைவாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமையை வழங்கின. 1948இல் பறிபோனது முற்றாகத் திரும்ப 55 ஆண்டுகள் சென்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் இம்மக்களே.

ஏழு பேர்ச்சஸ்

வாக்கு வந்தது, நிலம்? தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகள் அவற்றை நிருவகிக்கின்றன. நிலமோ பெரும்பாலும் அரசுக்கே உரியது. எனவே லயத்தில் வசிப்பவர், தாம் பிறந்த அறைக்கே உரிமையாளரல்லர். வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் என்ற முறையிலேயே அது கொடுக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அறையின் பரப்பு 120 சதுர அடி. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளையின் படிப்பு, முதியவரின் நோய் யாவும் அடங்கவேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, இருப்பிடத்தைத் தாமே தெரிந்தெடுக்க இயலாத மக்களின் நிலை நாட்டுக்கு வெளிச்சமாயிற்று.

அதன் பின்னரான ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் உருப்பெற்றது. இந்திய அரசின் உதவியுடன் தோட்டப்புறங்களில் 4,000 வீடுகள் கட்டும் பணி நடந்தது. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. செல்வர் கண்ணுக்கு அது ஒரு தோட்டத்து மூலை. ஆனால் அந்த மூலையிலே ஒருவர் கறிவேப்பிலைக் கன்று நடலாம். அது மரமாகும் வரை அங்கேயே இருப்போம் என்று நம்பலாம். வாசலில் இலக்கம் ஒன்று எழுதலாம். கடிதம் நேரே வந்து சேரும். எல்லாக் குடும்பங்களுக்கும் இது கிட்டும் நாள் இன்னும் தொலைவிலேயே இருக்கிறது.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. பாட்டன் பூட்டன் நடந்த வழியிலே பேரப்பிள்ளைகள் நடந்தனர். தமிழரோடு சிங்களரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். அன்று கடனாளியாக நடந்தவரின் சந்ததி, இன்று நாட்டின் பிரஜையாக நடந்து, தம் பங்கைக் கேட்டது.

போலந்து மக்களுக்கு நிலமும் வாக்கும் கிடைத்தன. அவர்கள் ஊர்களைக் கட்டினார்கள். நம் மலைநாட்டு மக்கள் அவ்விரண்டும் இல்லாத காலத்திலேயே மலையைத் திருத்தினார்கள், கோயில் எழுப்பினார்கள், கூத்தாடினார்கள், கடைவீதிக்கு உயிர் கொடுத்தார்கள், ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயரிட்டார்கள். உடப்புசல்லாவை என்னும் பெயர் உலகச் சந்தையில் மணக்கிறதென்றால், அம்மணம் அவர்களுடைய கூடையிலிருந்து எழுந்ததே. அக்கூடையைச் சுமந்த ஒவ்வொருவரின் வாசலிலும் ஓர் இலக்கம் எழுதப்படும் நாளில்தான், குடிவந்தோர் கட்டிய இவ்வூர் முழுமையாகக் கட்டி முடிந்ததென்று நாம் சொல்ல இயலும்.